சிறுநீரகமும் சிறுநீர்ப் பரிசோதனையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்த கையோடு, பள்ளிவாசல் வளாகத்தில் நின்று சிறுநீரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நிகழ்ச்சி நிரலில் கண்டபோது உங்களில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். உடையில் ஒரு துளி பட்டால்கூடத் தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் சமுதாயம் நாம். அந்தப் பேணுதலுக்கு ஒரு குறையும் வராமல், இன்று பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. காரணம், சற்று முன்னர் நீங்கள் கேட்ட அந்த வரவு செலவு அறிக்கையே. மருத்துவ உதவி என்ற தலைப்பின் கீழ் பைத்துல்மாலிலிருந்து சென்ற தொகையில் பெரும்பகுதி ஒரே காரியத்திற்குச் சென்றிருக்கிறது. அது டயாலிசிஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ள வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை போய் வரும் வண்டிச் சத்தம், இரத்தம் ஊறுவதற்கான ஊசிகள், உடன் செல்பவர் இழக்கும் கூலி ஆகியவற்றை எந்தத் திட்டமும் முழுமையாகத் தாங்குவதில்லை. அவற்றை நாம் தாங்குகிறோம். இன்ஷா அல்லாஹ் இனியும் தாங்குவோம். எனினும் அந்தக் கட்டத்திற்கு ஒருவர் வந்து சேராமல் காக்கக்கூடிய ஒரு சிறிய பரிசோதனைக்கு இதுவரை நாம் ஒரு ரூபாயும் செலவிட்டதில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு, பெயரையும் தெருவையும் விடுத்துச் சொல்கிறோம்.

அரபு நாட்டில் பல ஆண்டுகள் உழைத்த சகோதரர் ஒருவர், இப்போது வாரம் மூன்று நாட்கள் டயாலிசிஸுக்குச் செல்கிறார். முதன்முதலில் கால் வீக்கத்தோடும் மூச்சு வாங்கலோடும் அவர் வந்தபோது இரத்தத்தில் கிரியேட்டினின் 7க்கு மேல் இருந்தது. அவருடைய தந்தையார், வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது எடுத்த பரிசோதனை ஒன்று. அதில் சர்க்கரை கூடுதல். அதற்குக் கீழே சிறுநீரில் ஆல்புமின் என்ற வரியில் ஒரு கூட்டல் குறி. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தபோது அதே வரியில் இரண்டு கூட்டல் குறிகள். அந்த முறை கிரியேட்டினினும் பார்த்திருந்தார்கள், அது 1.1. "கிட்னி நார்மல்" என்று வீட்டில் அனைவரும் நிம்மதியடைந்தார்கள். சர்க்கரைக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

அந்தத் தாள்கள் இரண்டும் நமது ஆய்வுக்கூடத்தில் அச்சிடப்பட்டவை. அடியில் இருப்பது நமது கையொப்பம். பெரியவர் ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, இந்தக் கூட்டல் குறிக்கு இதுதான் அர்த்தம் என்று அப்பொழுதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பரிசோதித்துச் சொல்வது எங்கள் வேலை, விளக்கிச் சொல்வது மருத்துவர் வேலை என்று ஒரு பதில் நம்மிடம் இருந்தது. அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. இன்று இந்த மேடையில் நிற்பதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

இனி அந்தக் கூட்டல் குறியின் பொருளுக்கு வருவோம்.

நம் உடலில் உள்ள இரு சிறுநீரகங்களிலும் சேர்த்துச் சுமார் 20 இலட்சம் நுண் வடிகட்டிகள் அமைந்துள்ளன. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் அவற்றினூடே பாய்கிறது. ஒரு நாளைக்கு வடிந்து இறங்கும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் ஏறத்தாழ முழுவதையும் உடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டுமே கழிவாக வெளியேற்றுகிறது. வடிகட்டும் சவ்வு நல்ல நிலையில் இருக்கும்வரை, இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்னும் புரதம் அதைத் தாண்டி வருவதில்லை. சர்க்கரை நோயாலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ அந்தச் சவ்வு பழுதுபடும்போது புரதம் கசியத் தொடங்குகிறது. அப்போது வலி இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீரின் அளவும் குறைவதில்லை. கசிவு மிகுந்த பிறகு சிலருக்குச் சிறுநீரில் நுரை கட்டி நெடுநேரம் அடங்காமல் நிற்கும். அதுவும் எல்லோருக்கும் தெரிவதில்லை. கழிப்பறை கழுவும் மருந்தின் நுரையென்று எண்ணிக் கடந்துவிடுவோரும் உண்டு.

நம் ஊர்களில் இதனை "உப்பு" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரில் ஆல்புமின் கண்டால் "உப்பு போகிறது" என்பார்கள். இரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் கூடினால் அதையும் "உப்பு கூடிவிட்டது" என்பார்கள். ஒரே சொல்லால் இரு வேறு விஷயங்களைக் குறிப்பதால் நேரும் குழப்பம் சிறிதன்று. முன்னது வடிகட்டியில் ஓட்டை விழுந்ததன் அடையாளம். பின்னது வடிகட்டியின் வேலைத்திறனே குறைந்துவிட்டதன் அடையாளம். முதலாவது பெரும்பாலும் பல ஆண்டுகள் முந்தி வருகிறது. சிறுநீரகங்களின் திறனில் ஏறத்தாழ பாதி போகும்வரை இரத்தக் கிரியேட்டினின் சாதாரண எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். மேலே சொன்ன சகோதரரின் 1.1 அத்தகையதே. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்லி நகர்கிறோம்: ஒவ்வொரு மாதப் பரிசோதனையின்போதும் இரத்த அழுத்தத்தோடு சிறுநீரையும் பார்ப்பது தாயையும் சேயையும் காக்கும் காரியம். தாய்மார்கள் அதைத் தவிர்த்துவிட வேண்டாம்.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் முயற்சி புதியதன்று. கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு சுலைமான் அல் இஸ்ராயீலி என்னும் யூத மருத்துவர் பத்தாம் நூற்றாண்டில் சிறுநீருக்கென்றே அரபியில் தனி நூல் எழுதினார். இப்னு சீனா தமது அல் கானூன் நூலில், சிறுநீரை எப்படிச் சேகரிக்க வேண்டும் என்பதற்கு வகுத்த நிபந்தனைகளைப் படித்தால் இன்றைய ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போலவே தோன்றும். அதிகாலைச் சிறுநீராக இருக்க வேண்டும். உணவு உண்பதற்கு முன் எடுக்க வேண்டும். குங்குமப்பூ போன்ற நிறமூட்டும் பொருட்களை உண்டிருக்கக் கூடாது. மருதாணிச் சாயம்கூட நிறத்தை மாற்றக்கூடும் என்பதுவரை அவர் எண்ணியிருக்கிறார். நம் தமிழகத்துச் சித்தர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று வகுத்து, சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு அது பரவும் வடிவைக் கவனித்தார்கள். இவர்கள் அனைவரின் கூர்ந்த பார்வைக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் கரைந்திருக்கும் ஆல்புமின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காண நெருப்பு தேவைப்பட்டது. 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் என்பவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். வேகும் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் அது திரண்டது. அந்நோயாளிகள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்தன. வீக்கம், ஆல்புமின், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் அவர் ஒரே நூலில் கோர்த்தார். நம் ஊர் ஆய்வுக்கூடங்களிலும், சோதனைக்குழாயின் மேற்பகுதியைச் சூடாக்கி ஓரிரு துளி அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்க்கும் முறை நெடுங்காலம் இருந்தது. அமிலம் விட்டதும் கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட் உப்பு. மறையாமல் நின்றால் ஆல்புமின். மூத்தவர்களுக்குப் பெனடிக்ட் கரைசலும் நினைவிருக்கும்; சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நிற்கும்.

இன்று அந்த இடத்தை ஒரு சிறு பட்டை பிடித்துக்கொண்டது. பல நிறக் கட்டங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையைச் சிறுநீரில் நனைத்து எடுத்தால், ஒன்றிரண்டு நிமிடங்களில் புரதம், சர்க்கரை, இரத்தம், வெள்ளணு, நைட்ரைட், கீட்டோன், அடர்த்தி, அமிலத்தன்மை எனப் பலவும் தெரிந்துவிடும். கூட்டல் குறிகள் இங்கிருந்தே வருகின்றன. இதன் பின்னர் சிறுநீரைச் சுழலியில் இட்டுச் சுழற்றி, அடியில் படிந்ததை நுண்ணோக்கியில் காண்போம். சீழணுக்கள் தென்பட்டால் கிருமித்தொற்றாக இருக்கலாம். சிவப்பணுக்கள் குழாய் வடிவில் அச்சு வார்த்தாற்போல் கோர்த்திருந்தால், வடிகட்டியிலேயே அழற்சி என்று பொருள். அன்றைய தினமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய செய்தி அது. இதற்காகவே சிறுநீரை எடுத்த இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கும்படி வற்புறுத்துகிறோம். காலையில் எடுத்த பாட்டிலைக் கடையில் வைத்திருந்து லுஹருக்குப் பின் கொண்டுவந்தால், அணுக்கள் கரைந்தும் கிருமிகள் பெருகியும் போயிருக்கும். அப்படிப்பட்ட மாதிரியில் நாம் காண்பது உங்கள் சிறுநீரகத்தை அல்ல, உங்கள் கடையின் வெயிலை.

பட்டைக்கு ஒரு குறை உண்டு. கசிவு ஓரளவு மிகுந்த பிறகே அது நிறம் மாறும். ஆகவே "ஆல்புமின் இல்லை" என்று வந்த தாளை வைத்துக்கொண்டு சர்க்கரை நோயாளி ஒருவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மேலும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீர் நீர்த்துப்போய்க் கசிவை மறைத்துவிடும். தாகத்தோடு வந்தவரின் சிறுநீர் அடர்ந்து, உள்ளதைக் கூட்டிக் காட்டும். இக்குறையை நீக்கவே ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் என்ற பரிசோதனை வந்தது. இன்று நாம் உங்களிடம் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

ரமலானில் நம் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் கூடிவிட்டது; இரண்டு குடம் நீரை ஊற்றிவிட்டார்கள். ஒரு கோப்பையில் உள்ள உப்பு குறைந்துபோகும், அரிசியும் குறைந்துபோகும். ஆனால் இவ்வளவு அரிசிக்கு இவ்வளவு உப்பு என்ற கணக்கு மாறுவதில்லை. சட்டியில் முதலில் போட்ட உப்பு அதிகமா இல்லையா என்பதை, நீரைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தக் கணக்கிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். கிரியேட்டினின் இங்கே அரிசியைப் போன்றது. தசைகளிலிருந்து அன்றாடம் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனோடு ஒப்பிட்டு ஆல்புமினை அளந்தால் குடித்த தண்ணீரின் அளவு கணக்கைக் கெடுக்காது.

ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான ஆல்புமின் இருந்தால் சாதாரண நிலை. 30 முதல் 300 வரை இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. பட்டைப் பரிசோதனை பெரிதும் தவறவிடுவது இந்த இடைப்பட்ட நிலையையே. 300க்கு மேல் சென்றால் கடுமையான கசிவு. ஒரு முறை கூடுதலாக வந்துவிட்டதாலேயே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாளின் கடும் உடலுழைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை, பெண்களின் மாதவிலக்கு நாட்கள் ஆகியவை தற்காலிகமாகக் கூட்டிக் காட்டும். எனவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வார்கள். அதிகாலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் இதற்கு மிகவும் ஏற்றது. ஃபஜ்ருக்கு எழும் நமக்கு இது ஒரு சிரமமே அல்ல.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு என்று சிலருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். ஒரு நாளில் வெளியேறும் புரதத்தின் மொத்த அளவை அறியவும், சிறுநீரகம் நிமிடத்திற்கு எவ்வளவு இரத்தத்தைத் தூய்மை செய்கிறது என்பதைக் கணக்கிடவும் இது பயன்படும். கணக்கு எளியது. ஒருவர் ஒரு நாளில் 1440 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கிறார் என்றால் நிமிடத்திற்கு ஒரு மில்லிலிட்டர். அதில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கிரியேட்டினின் இருந்து, இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால், அவருடைய திறன் நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டர். நல்ல நிலை. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு துளியும் சிந்தாமல் சேகரித்தார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

பெரியவர் ஒருவரின் கணக்கு 72 என்று வந்தது. குடும்பமே கலங்கிவிட்டது. விசாரித்ததில், மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் பள்ளிவாசலுக்கு வந்தவர், ஒளூ செய்வதற்கு முன் இங்குள்ள கழிப்பறையில் இரண்டு தடவை போயிருக்கிறார். வீட்டில் இருந்த கேனுக்கு அது வந்து சேரவில்லை. சுமார் 400 மில்லிலிட்டர் விடுபட்டால் 100 என்பது 72 ஆகிவிடும். மறுமுறை வீட்டிலேயே தொழுதுகொண்டு சேகரித்தார், சரியாக வந்தது. ஆகவே இதற்கென ஒரு நாளை ஒதுக்குங்கள். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் கழிப்பது அனைத்தையும், மறுநாள் அதே மணியில் கழிப்பது உட்பட, கேனில் சேர்க்க வேண்டும். கேன் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். வெளியூர்த் திருமணத்திற்குப் போகும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம். இவ்வளவு சிரமம் இருப்பதனால்தான் பெரும்பாலோருக்கு இன்று காலைச் சிறுநீர் விகிதமும், இரத்தக் கிரியேட்டினினை வயது, பால் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டு வீதமும் போதும் என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது.

இரண்டும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு ஆல்புமின் கசியாமலேயே வடிகட்டு வீதம் குறைந்துவருவதும் உண்டு. சிறுநீரை மட்டும் பார்த்தால் அவர்களைத் தவறவிடுவோம். இரத்தத்தை மட்டும் பார்த்தால் நமது அரபு நாட்டுச் சகோதரரைப் போன்றவர்களைத் தவறவிடுவோம்.

கண்டறிந்து ஆவதென்ன என்று சிலர் கேட்கிறார்கள். "தெரிந்தால் கவலைதானே கூடும்" என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தின் சிதைவைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் லோசார்டன் போன்றவை சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்பது 2001இல் வெளியான பெரிய ஆய்வுகளால் உறுதியாயிற்று. டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து, சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகிறது என்று 2020இல் தெரியவந்தது. நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் அதைத் தயாரிப்பதால் விலையும் எட்டும் அளவிற்கு வந்துவிட்டது. இவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி வாங்கி விழுங்கக் கூடாது. லோசார்டன் வகை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். டபாகிளிஃப்ளோசின் உண்பவரின் சிறுநீரில் சர்க்கரை நான்கு கூட்டல் குறியாக வரும். அது மருந்தின் வேலை, பதற வேண்டியதில்லை. பரிசோதனைக்கு வரும்போது என்ன மாத்திரை உண்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இக்காரியத்திற்குப் பெரிய மருத்துவமனை வேண்டுமென்பதில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களும் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையும், 1990களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் கையில் இருந்தவை இரத்த அழுத்தமானி, புரதத்திற்குச் சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். தெளிந்த சிறுநீரில் அமிலத்தை விட்டதும் கலங்கினால் புரதம். அவ்வளவே. கண்டறியப்பட்டவர்களுக்கு மிக மலிவான மருந்துகளையே கொடுத்தார்கள். குறைந்த செலவிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வந்ததை 2003இல் உலக சிறுநீரக மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னர் 2023இல் தமிழக அரசே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பாதிப்பைச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் ஒரு பையோடு செய்ததை, ஒரு மஹல்லா செய்ய முடியாதா என்பதே நம் கேள்வி.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்? சர்க்கரை நோய் உள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் தெரிந்த அன்றே தொடங்க வேண்டும்; பல ஆண்டுகள் அது மறைந்திருந்தே வெளிப்படுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர் உள்ளவர்கள், மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் சொல்லி வாங்கி நாள்கணக்கில் வலி மாத்திரை உண்பவர்கள் ஆகியோரும் வர வேண்டும். இந்தக் கடைசி வகையினர் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்பது மருந்துக்கடைக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் ஒரு சொல். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் பெருமளவு புரதம் போன இளவயதினர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் முகம் வெளுக்கப் பூசிய களிம்பில் பாதரசம் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பாட்டிலில் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத களிம்புகள் பயணப் பெட்டியில் நம் ஊருக்கும் வந்து சேர்கின்றன. திருமணம் நிச்சயமான வீடுகள் கவனம் கொள்ளட்டும்.

நோன்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வடிகட்டு வீதம் மிகவும் குறைந்தவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் நோன்பு உடலுக்கு அபாயம் விளைவிக்கக்கூடும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை இமாம் அவர்கள் விளக்குவார்கள். நம்மால் சொல்லக்கூடியது, அந்த முடிவை எடுக்க ஓர் எண் கையில் இருக்க வேண்டும் என்பதே. ரமலான் பிறை கண்ட பிறகு ஓடிவந்தால் மருத்துவரால் மாத்திரைகளை மாற்றியமைக்க நேரம் இராது. ஆகவே பரிசோதனையை ஷஃபான் மாதத்தின் முதல் இரு வாரங்களில் வைத்திருக்கிறோம்.

நிர்வாகக் குழுவின் முன் நாம் வைத்த கோரிக்கை இதுதான். மஹல்லாவில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர் விகிதமும் இரத்தக் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே செலுத்தட்டும். இயலாதவர்களுக்கு எந்த நிதியிலிருந்து கொடுப்பது என்பதை இமாம் அவர்களின் ஆலோசனைப்படி முடிவு செய்துகொள்ளட்டும். முடிவுகள் எவருடைய பெயரும் வெளியில் தெரியாமல் மூடிய உறையில் தரப்படும். கூடுதலாக வந்த ஒவ்வொரு எண்ணையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, யாரிடம் செல்ல வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தருவோம். இது நாம் நமக்கு விதித்துக்கொண்ட கடமை. அந்தப் பெரியவர் மேசையில் வைத்த தாள்களுக்குப் பிறகு விதித்துக்கொண்டது.

ஏற்பாடுகளை அறியத் தருகிறோம். மூடியுள்ள பாட்டில்கள் மதரஸா அலுவலகத்தில் கிடைக்கும். பெண்களுக்கு, பெண்கள் மதரஸாவின் ஆலிமா அவர்களிடம் கிடைக்கும். திரும்பக் கொடுப்பதும் அவர்களிடமே. உறுப்பை நீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைச் சிறிது விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பாட்டிலில் பெயரையும், கழித்த மணியையும் எழுதுங்கள். பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜமாஅத்தில் நிற்கக் கூடாது என்பதை இமாம் அவர்கள் நினைவூட்டச் சொன்னார்கள். அதற்காகவே வெளிவாசல் அருகில், பள்ளிவாசல் எல்லைக்குப் புறம்பே, மூடியுள்ள பெட்டி ஒன்றை வைத்திருக்கிறோம். ஃபஜ்ருக்கு வரும்போது அதில் வைத்துவிட்டு, கைகளைக் கழுவி ஒளூ செய்து உள்ளே வாருங்கள். தொழுகை முடிந்ததும் பெட்டி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றுவிடும். பாட்டிலின் மூடி இறுகியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஒரு முறை கவிழ்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.